புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

புது கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால், பலர் முதல் வேலையாகக் கார்டைக் கழற்றித் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கார்டே பழுதாக இருக்கவும் கூடும். ஆனால் கார்டு நன்றாக இருந்து, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபிள், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ராம் (தற்காலிக நினைவகம்) இவற்றில் ஏதோ ஒன்று தகராறு செய்வது மிகச் சாதாரணம். பழைய குழாயில் சக்தி கூடிய மோட்டாரை மாட்டினால், எந்த இணைப்பு லேசாக இருந்ததோ அங்கேதான் பிய்த்துக்கொள்ளும். இங்கேயும் அதே கதைதான். பழைய கார்டு அந்த பலவீனத்தைத் தொட்டதே இல்லை, புதியது தொட்டுவிட்டது.

கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். செலவில்லாத சோதனைகள் முதலில் வரும், பொருள் வாங்க வேண்டியவை கடைசியில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி கிராஷ் நின்றுவிட்டால், எதனால் நின்றது என்று தெரியாது. பிறகு அது திரும்ப வந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

படி 1: எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், நிற்கும் விதத்தைப் பாருங்கள். தேட வேண்டிய இடத்தில் பாதியை அதுவே சொல்லிவிடும்.

சுவிட்சை அணைத்தது போல மொத்தமாக அணைந்து போகிறதா? தானாகத் திரும்பக் கிளம்புகிறதா, அல்லது எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறதா? இரண்டுமே மின்சாரப் பக்கம் கை காட்டுகின்றன. பின்பக்க சுவிட்சைத் தொட்டால்தான் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சுற்றால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த நேரத்தில் மானிட்டரின் பவர் விளக்கும் சேர்ந்து அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுவிட்டு யூபிஎஸ்ஸைப் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். பெரிய கார்டு ஒன்று தனியாகவே அதை நெருங்கிவிடும். யூபிஎஸ் இல்லாமல் சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

திரை மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரைய, கேமின் சத்தம் மட்டும் இன்னும் சில விநாடி கேட்கிறது என்றால், மதர்போர்டுக்கும் கார்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்திருக்கிறது. கார்டுக்குப் போகும் பவர் பிளக், ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு உட்காரும் பள்ளம்), ரைசர் கேபிள் (ஸ்லாட்டிலிருந்து கார்டைத் தள்ளி வைக்க உதவும் நீட்டிப்புக் கேபிள்), கடைசியாகக் கார்டு என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

படம் சில விநாடி உறைந்து, திரை ஒருமுறை மினுக்கி, கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வருகிறதா? கார்டு சுமார் 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை வலிய ரீசெட் செய்யும். இதைத்தான் டிடிஆர் என்பார்கள். டிரைவர் குழப்பம், ஓவர்கிளாக் (குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது), ராம் பிழை, கார்டின் சொந்தக் குறை எல்லாமே இதே மாதிரிதான் வெளிப்படும் என்பதால், இந்த வகைக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஒரே ஒரு கேம் மட்டும் மூடுகிறது, மற்றவை மணிக்கணக்கில் ஓடுகின்றன என்றால் அந்த கேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்போது நிற்கிறது என்பதும் முக்கியம். விளையாடத் தொடங்கி இருபது நிமிடம் கழித்து என்றால் வெப்பம். மெனுவிலிருந்து ஆட்டத்துக்குள் நுழையும் அந்த நொடியில் என்றால் மின்சாரம். சும்மா பிரவுசர் பார்க்கும்போது என்றால் டிரைவர் அல்லது மின்சேமிப்பு அமைப்பு. கடைசி வகைக்கு, விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை (கார்டும் மதர்போர்டும் பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையின் மின்சேமிப்பு) அணைத்துப் பார்க்கலாம்.

படி 2: விண்டோஸ் எழுதிவைத்த பதிவைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கேம் மட்டும் மூடாமல் கம்ப்யூட்டரே நின்றிருந்தால், கிராஷ் ஆன நேரத்தைத் தேடினால் கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புக் குறி இருக்கும். பெயரில் பவர் என்று இருப்பதால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தாண்டி அந்தப் பதிவு ஒன்றும் சொல்வதில்லை. எந்தக் காரணத்தால் கம்ப்யூட்டர் அப்படி நின்றாலும் அது வரும்.

பயன்படுவது அதற்குச் சற்று முன்னே உள்ள வரிகள். டிஸ்ப்ளே 4101 என்றிருந்தால் டிரைவர் ரீசெட் ஆகியிருக்கிறது. என்விடியா கார்டில் என்விஎல்டிடிஎம்கேஎம் என்ற பெயரில் பிழைகள் வரிசையாக நிற்கலாம், அதுவும் அதே குடும்பம்தான். டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவு) என்று இருந்தால் திறந்து முழுதாகப் படியுங்கள். அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட் என்று இருந்தால் ஸ்லாட், ரைசர், இணைப்பு வேகம் பக்கம் போங்கள். பிராசஸர் கோர் என்று இருந்தால் கார்டை விட்டுவிட்டு பிராசஸர் பக்கம் திரும்புங்கள்.

நீலத் திரை வந்தால் அதிலுள்ள ஸ்டாப் கோடை மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்பது மேலே சொன்ன ரீசெட் முயற்சி தோற்றதன் அடையாளம். லினக்ஸில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் கெர்னல் லாகில் எக்ஸ்ஐடி என்ற சொல்லைத் தேடலாம். எக்ஸ்ஐடி 79 என்றால் கார்டு பஸ்ஸிலிருந்து, அதாவது மதர்போர்டோடு உள்ள இணைப்புப் பாதையிலிருந்து, விழுந்துவிட்டது என்று பொருள்.

படி 3: கேபினெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்

எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, மின்கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னைக் காலி செய்யுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

கார்டின் தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டுக்குள் ஒரே சீராக மறைந்திருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மெல்லிய தங்கக் கோடு வெளியே தெரிந்தால் கார்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கத் தகட்டைக் கேபினெட்டோடு இறுக்கும் ஸ்க்ரூ கார்டை மேலே தூக்கிவிடுவதும், கனமான கார்டு தன் எடையால் தொங்குவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். கழற்றி, கிளிப் சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்தி, அடியில் ஒரு தாங்கி கொடுங்கள்.

அடுத்து பவர் பிளக். 8 பின் பிளக் பெரும்பாலும் 6+2 என்று இரண்டு துண்டாக வரும். அந்தச் சின்னத் துண்டு முக்கால்வாசி நுழைந்து நிற்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை இடைவெளி தெரியும். பிராசஸருக்குப் போகும் 8 பின் கேபிள் 4+4 என்று பிரியும். பார்க்க ஒன்று போல இருந்தாலும் அதன் பிளஸ் மைனஸ் அமைப்பு நேர்மாறானது. நுழையவில்லையே என்று பலம் கொடுக்க வேண்டாம்.

புதிய கார்டுகளில் வரும் 16 பின் பிளக்குக்கு இன்னும் கவனம் வேண்டும். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது இந்தப் பிளக் உருகிய சம்பவங்கள் நடந்தன. பிளக் முழுதாக உள்ளே போகாததே பொதுவாகக் காணப்படும் காரணம் என்று அந்த ஆண்டு நவம்பரில் என்விடியா சொன்னது. பிறகு வந்த 12வி 2×6 வடிவத்தில், பிளக் மாட்டியிருப்பதைக் கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். அரைகுறையாக நுழைந்தால் கார்டு மின்சாரம் இழுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. எந்த வடிவமானாலும், பிளக்கின் ஓரமும் சாக்கெட்டின் ஓரமும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். பிளக்கிலிருந்து குறைந்தது 3.5 செ.மீ. தூரம் கேபிள் நேராகப் போன பிறகுதான் வளைய வேண்டும். கருகிய வாடையோ பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் மறுபடி பவர் போடவே கூடாது.

ரைசர் கேபிள் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக மதர்போர்டில் மாட்டிப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸுக்குச் செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை ஓட்டினால் திரை கறுப்பது சகஜம். ரைசர் வேண்டும் என்றே இருந்தால், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3 என்று கையால் குறைத்து வையுங்கள். கேமில் வேக இழப்பு மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

படி 4: மின்சாரம்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். முதலில் கணக்கு. ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் கிடைக்கும். 6 பின் பிளக் 75 வாட், 8 பின் பிளக் 150 வாட், 16 பின் பிளக் அதிகபட்சம் 600 வாட். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் அளவு 320 வாட். பிராசஸருக்கு 130, மற்றவைக்கு 50 என்று போட்டாலும் மொத்தம் 500 வாட்தானே, 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதாதா என்று தோன்றும். ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 750 வாட்.

காரணம் இதுதான். 320 வாட் என்பது சராசரி. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதில் கார்டு அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு உடனே இறங்கிவிடும். சராசரியைக் காட்டும் எந்த மென்பொருளிலும் இந்தத் துள்ளல் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்றுக்குத் தெரியும். ஓவர்லோடு என்று நினைத்து அது மொத்தமாக அணைத்துவிடும். இந்தத் தொல்லைக்காகவே 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்குத் துள்ளலை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ் நல்ல தயாரிப்பாகவே இருந்தாலும் இதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. வயதாக ஆக அதன் கெப்பாசிட்டர்களும் தளரும்.

இனி செய்ய வேண்டியது. ஒரே கேபிளின் முனையில் இரண்டு 8 பின் பிளக் தொங்கும் அமைப்பில், இரண்டையும் கார்டில் செருகியிருக்கிறீர்களா? அப்படியானால் இரண்டு பிளக்கின் சுமையும் ஒரே கேபிளில் போகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்தோடு கிராஷ் நின்றுபோவதும் உண்டு. கூடுதல் கேபிள் தேடும்போது ஓர் எச்சரிக்கை: கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களின் கேபிள்களை வேறு பிராண்டிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். கார்டு பக்க முனை ஒன்று போல இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் கம்பிகளின் வரிசை பிராண்டுக்கு பிராண்டு மாறும். தவறான கேபிள் கார்டையும் ஹார்டு டிஸ்க்கையும் ஒரே நொடியில் எரித்துவிடும்.

அப்புறம் ஒரு சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கூடவே கேமில் ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை படம்) 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் அணையும் கம்ப்யூட்டர் இப்போது ஒரு மாலை முழுவதும் ஓடினால், சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் பலமாக விழுகிறது. புதிதாக வாங்குவதற்கு முன், தெரிந்தவரிடமிருந்து பெரிய எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி, அதன் சொந்தக் கேபிள்களோடு மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் சோதனை அரை மணி நேரம் ஓடியது, அதனால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று பலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஃபர்மார்க் சுமையை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும், கேம் அப்படி வைப்பதில்லை. ஏறி இறங்கும் சுமையைக் கொடுக்கும் ஓசிசிடி போன்ற சோதனையில்தான் உண்மை தெரியும்.

படி 5: டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துப் போடுங்கள்

பழைய கார்டின் டிரைவர் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், அதுவும் ஏஎம்டி-யிலிருந்து என்விடியாவுக்கோ மறுபடி இந்தப் பக்கமோ மாறியிருந்தால், இந்தப் படியைத் தாண்டக் கூடாது. கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புது டிரைவரையும், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற டிடியு கருவியையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்து முடித்த மறுநிமிடமே விண்டோஸ் அப்டேட் ஏதோ ஒரு பழைய பதிப்பைக் கொண்டுவந்து போட்டுவிடும். சேஃப் மோடில் டிடியு-வை ஓட்டி, என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று எந்தெந்த நிறுவனத்தின் கார்டு இருந்ததோ ஒவ்வொன்றையும் துடைத்து, ரீஸ்டார்ட் செய்து புது டிரைவரைப் போடுங்கள்.

கூடவே ஆஃப்டர்பர்னரைத் திறந்து, பழைய கார்டுக்காகச் சேமித்து வைத்த ஓவர்கிளாக், ஃபேன் வேக அமைப்புகள் விண்டோஸோடு சேர்ந்து தானாக ஏறுகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள்.

புது டிரைவரிலும் கிராஷ் நிற்கவில்லை என்றால் முந்தைய பதிப்பு ஒன்றையும், அடுத்து வரும் பதிப்பையும் முயன்று பாருங்கள். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வெளிவந்த சில நாட்களிலேயே பலருக்கு கேம்கள் திடீரென மூடின. அந்த மாத இறுதியில் வந்த 456.55 டிரைவர் பெரும்பாலானவர்களுக்கு அதைச் சரிசெய்தது. டிடிஆர் காத்திருப்பு நேரத்தை ரெஜிஸ்ட்ரியில் கூட்டி வைக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைக்கும் வேலை. கேமுக்காக அதைத் தொட வேண்டாம்.

படி 6: ராம், பயாஸ், பிராசஸர்

வேகமான கார்டு வந்ததும் ஃபிரேம் ரேட் ஏறுகிறது, அதனால் பிராசஸரும் ராமும் முன்னைவிடக் கடுமையாக உழைக்கின்றன. பழைய கார்டோடு வருஷக்கணக்கில் தாங்கிய, ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு இப்போது தடுமாறலாம். பயாஸில் அதை அணைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கிராஷ் நின்றால் காரணம் ராம் பக்கம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

மதர்போர்டு பழையது என்றால் பயாஸைப் புதுப்பியுங்கள். புது கார்டு போட்டும் படமே வரவில்லை என்றால் பழைய முறையில் கிளம்ப உதவும் சிஎஸ்எம் அமைப்பை அணைத்து, புதிய யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு முன் விண்டோஸ் டிஸ்க் யுஇஎஃப்ஐ முறைக்கு ஏற்ற ஜிபிடி வடிவில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் கிளம்பாது. ஆன் செய்யும்போது மட்டும் படம் வராமல் மக்கர் செய்கிறது என்றால் மட்டரகமான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும் காரணமாகலாம். சில கேபிள்களில் இருக்கக் கூடாத 20-ஆவது பின் இணைப்பு வழியாக மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் திரும்பி வந்துவிடும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். புது கார்டு, தாராளமான வீடியோ மெமரி, ஆனாலும் கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தியோடு மூடிவிடுகிறது. செய்தியைப் படித்த யாரும் கார்டைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் அந்தத் தலைமுறையின் உயர்ரக பிராசஸர்கள் பலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் உள்ளே தேய்மானம் ஏற்பட்டு இந்தச் செய்தி வந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடை (பிராசஸரின் உள் இயக்கத்தைத் திருத்தும் குறியீடு) வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. பயாஸ் புதுப்பிப்பு வழியாக அந்தத் திருத்தம் வந்துசேரும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அது குணப்படுத்தாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

படி 7: வெப்பம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இன்றைய கார்டுகள் சூடானால் நிற்பதற்கு முன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஃபைலாகப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு விளையாடுங்கள். கிராஷுக்குப் பிறகு அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டோ (சிப்பின் மிகச் சூடான இடம்) மெமரி வெப்பநிலையோ 110 டிகிரியை நெருங்கியிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துச் சோதித்தாலே காற்றோட்டக் குறையா என்பது புரிந்துவிடும்.

படி 8: கார்டுதானா என்று தீர்மானியுங்கள்

இவ்வளவு தாண்டி வந்துவிட்டீர்கள் என்றால் இப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். பவர் லிமிட்டை 100-க்கே திருப்பி வைத்து, கோர் கிளாக்கை (கார்டின் சிப் ஓடும் வேகம்) மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். அதில் கிராஷ் நின்றால், தன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையே கார்டால் பிடிக்க முடியவில்லை. அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மெமரி கிளாக்கை மட்டும் குறைத்தபோது கிராஷ் நின்றால், பலவீனம் வீடியோ மெமரியில். ஓசிசிடி-யின் வீடியோ மெமரி சோதனையில் பிழை காட்டினாலும் அதே முடிவுதான். குறைத்து வைத்து அப்படியே ஓட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். உத்தரவாதம் இருக்கும்போது அப்படிச் செய்யாதீர்கள். பணம் கொடுத்தது முழு வேகத்துக்கு.

கடைசியாக இடமாற்றச் சோதனை. பழைய கார்டைத் திரும்பப் போட்டு கிராஷ் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துப் புது கார்டு பழுது என்று சொல்லிவிட முடியாது, பழையது குறைவான மின்சாரம்தானே இழுக்கிறது? நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் புது கார்டைப் போட்டு, அங்கேயும் அதே மாதிரி நிற்கிறது என்றால்தான் சந்தேகம் தீரும்.

அப்படித் தீர்ந்துவிட்டால் உத்தரவாதக் கோரிக்கையில் வெறுமனே கிராஷ் ஆகிறது என்று எழுதாதீர்கள். எந்த எஸ்எம்பிஎஸ், எந்த டிரைவர் பதிப்பு, ஈவென்ட் வியூவரில் என்ன வந்தது, கிளாக்கைக் குறைத்தபோது என்ன ஆனது, வேறு கம்ப்யூட்டரில் எப்படி நின்றது என்பதை வரிசையாக எழுதி, வெப்பநிலைப் பதிவு ஃபைலையும் பவர் பிளக்கின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் சோதனையில் பிரச்சினை தெரியவில்லை என்று கார்டு அப்படியே திரும்பி வரும் வாய்ப்பு அதனால் வெகுவாகக் குறையும்.